மருந்தடித்த இடத்தில் கோரை ஏன் மறுபடி முளைக்கிறது?

மதுரையில் எங்கள் பகுதிப் பூங்காவுக்குக் காலை நடைக்கு வரும் பெரியவர் ஒருவர், திரும்பும்போது ஒரு கைப்பிடி அருகம்புல் பறித்துக்கொண்டு போவார். பாதி பிள்ளையாருக்கு, பாதி ஜூஸுக்கு. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், தோட்ட வேலை பார்க்கும் அக்கா அவரைத் தடுத்தார். "ஐயா, அதப் பறிக்காதீங்க. முந்தாநாத்துதான் மருந்தடிச்சிருக்கு." புல் பச்சைப் பசேலென்று நின்றது. பெரியவர் நம்பவே இல்லை.

அவர் மேல் தப்பில்லை. பரவலாகப் புழங்கும் களைக்கொல்லியான கிளைபோசேட் நின்று கொல்லும் சரக்கு. இலை வழியாக உள்ளே போய், இலை தயாரிக்கும் சர்க்கரை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ஓடி, வேரையும் குருத்தையும் சேரும். அங்கே மூன்று அமினோ அமிலங்களைச் செய்யத் தேவையான ஒரு நொதியை முடக்கிவிடும். புதிதாகப் புரதம் செய்ய முடியாமல் செடி மெல்லச் சாகும். மஞ்சளடிக்கவே ஒரு வாரம் ஆகலாம். அதுவரை ஆட்டுக்கும் தெரியாது, கீரை பறிக்க வருகிறவருக்கும் தெரியாது.

அந்த நொதி மனித உடலில் கிடையாது. 1974-இல் விற்பனைக்கு வந்த காலத்திலிருந்து இதைச் சொல்லித்தான் ஆபத்தில்லாதது என்றார்கள். 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளது' என்ற பட்டியலில் இதைச் சேர்த்தது. பல நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. பிரான்சில் 2017 முதல் உள்ளாட்சிப் பூங்காக்களில் ரசாயனப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளுக்குத் தடை. இங்கே 2022 அக்டோபரில், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலம் மட்டுமே கிளைபோசேட் அடிக்கலாம் என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது.

சரி, அந்தச் சர்ச்சை ஒரு பக்கம் இருக்கட்டும். மருந்தடித்தால் களை ஒழிகிறதா?

கோரையைத் தோண்டிப் பாருங்கள். ஜெபமாலை மணி போலக் கிழங்குகள் கோத்துக் கிடக்கும். பொதுவாக மேலே இருக்கிற கிழங்கு முளைக்கும். கீழே உள்ளவை அதற்கு அடங்கி உறங்கும். மருந்து சர்க்கரையோடு போகிற பொருள். உறங்கும் கிழங்குக்குச் சர்க்கரை அதிகம் போகாது, ஆகவே மருந்தும் போகாது. மேல் கிழங்கு செத்ததும் அடுத்தது விழிக்கிறது. மண்வெட்டியால் கொத்தினாலும் இதே கதைதான்: கோவை அறுந்து, துண்டுக்குத் துண்டு முளை.

பார்த்தீனியம் வேறு ரகம். ஒரே செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும். நின்ற செடியைக் கொன்றுவிடலாம்; மண்ணுக்குள் கிடக்கும் விதைகளை கிளைபோசேட் தொடுவதில்லை. பூக்கும் முன்பே, கையுறை போட்டுப் பிடுங்கினால்தான் ஆகும். அதன் அரிப்பு பட்டவருக்குத்தான் தெரியும்.

எனக்கு இதில் பிடித்த பகுதி விதையின் கண். கண் என்று சும்மா சொல்கிறேன். ஃபைட்டோகுரோம் என்ற நிறமிதான் அந்த வேலையைச் செய்கிறது. பல களை விதைகள் பொடிசு. கையிருப்பு கொஞ்சம் என்பதால், ஆழத்தில் முளைத்தால் மேலே வருவதற்குள் தீர்ந்துவிடும். எனவே வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மண்ணைக் கிளறும்போது நொடிக்கும் குறைவாகப் படுகிற வெயிலே சில விதைகளுக்குப் போதும். அதனால் இரவில் உழுது பார்த்திருக்கிறார்கள், சில களைகள் குறையவும் செய்தன. அதைவிட ஆச்சரியம், வெளிச்சத்தின் தரமும் விதைக்குத் தெரியும். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தூரச் சிவப்பை, அதாவது சிவப்புக்கு அடுத்து நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளியை, கீழே விடுகிறது. அந்த ஒளி பட்டால், 'மேலே ஆள் இருக்கிறது' என்று விதை படுத்துக்கொள்ளும்.

இப்போது மருந்தடித்த திட்டை நினைத்துப் பாருங்கள். மேலே இலை இல்லை, முழு வெயில். உள்ளே காத்திருக்கும் விதைகளுக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. புல்லை ஒட்ட மழிப்பதும் ஏறக்குறைய அதே காரியம். ஒரு விரல் உயரம் கூடுதலாக விட்டு வெட்டினாலே மண்ணில் நிழல் விழும். மரத்தடியில் உதிர்ந்த சருகைக் கூட்டி எரிக்காமல், நாலு விரல் கனத்துக்குச் செடிகளைச் சுற்றிப் பரப்பலாம். புங்க மரத்தைக் காட்டி அந்த அக்கா சொன்னார்: "இங்கிட்டு கோரை அவ்வளவா வராது தம்பி, நெழலு." கோரைக்கு நிழல் ஆகாது என்று தாவரவியலும் சொல்கிறது.

வெட்டவெளியில் முளைக்கும் கோரையைப் பதினைந்து நாளுக்கொரு முறை விடாமல் எடுக்க வேண்டும். புதுக் கிழங்கு வைக்கச் சில வாரமாகும். அதற்குள் எடுத்துக்கொண்டே இருந்தால் பழைய கிழங்கின் மாவு தீர்ந்துபோகும். ஆள் கூலி ஆகும், மறுக்கவில்லை. பேவர் பிளாக் இடுக்கில் முளைப்பதற்குக் கொதிநீர் போதும், வேர் தப்பினால் மறுபடி ஊற்ற வேண்டும். தும்பையும் மூக்கிரட்டையும் ஓரமாக நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும்.

மதுரைக்கென்று ஒரு மருந்து இருக்கிறது: கத்திரி வெயில். மண்ணை நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் ஷீட்டை ஒட்ட விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்து, நாலு முதல் ஆறு வாரம் விட வேண்டும். வெயில் உள்ளே போகும், சூடு வெளியே வராது. மேல்மண் 50 டிகிரியைத் தாண்டும். ஈர விதை அந்தச் சூட்டைத் தாங்காது. கறுப்பு ஷீட்டைக் கோரையின் ஊசிக் குருத்து குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். ஊடுருவித் தெரியும் ஷீட் என்றால், வெளிச்சம் கண்ட குருத்து உள்ளேயே இலையை விரித்து வெந்துபோகும். ஆழத்துக் கிழங்கு தப்பும், அதற்குப் பதினைந்து நாள் கணக்குதான். மரத்தடியில் இதைச் செய்யக் கூடாது.

எங்கள் பூங்காவில் எங்கே ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், ஊஞ்சலுக்குப் பின்னால் இருக்கிற திட்டைக் காட்டுவேன். ஆனால் சுற்றிலும் கயிறு கட்டவேண்டும். பையன்களோ ஆடோ ஏறி ஷீட் கிழிந்துவிட்டால், உள்ளே சூடு நிற்காது.