காலையில் ரத்ததானம், மாலையில் செமி ஃபைனல்

"டாக்டர், ஒன்பது மணிக்குள்ள எடுத்து முடிச்சிருவீங்களா? சாயங்காலம் எங்களுக்கு செமி ஃபைனல் இருக்கு."

மதுரைக்கு வடக்கே ஒரு ஊர்க் கால்பந்துக் குழுவின் செயலாளர் சில வருடங்களுக்கு முன் என்னிடம் கேட்டது இது. ரத்த வங்கி மருத்துவன் நான். வாரக் கடைசியானால் முகாமுக்குக் கிளம்பிவிடுவேன். விளையாடுகிற பையன்கள், நல்ல உடம்பு, ஆளுக்கு ஒரு யூனிட் என்றுதான் என் மனம் கணக்குப் போட்டது. செமி ஃபைனல் என்றதைக் காதில் வாங்கியும் வாங்காதவனாக இருந்துவிட்டேன். அன்று இரண்டாம் பாதியில் அவர்களுடைய நடுக்கள ஆட்டக்காரன் தலைசுற்றி விழுந்தான்.

கூடியிருந்தவர்கள் அவனைத் தூக்கி உட்காரவைத்து, சோடாவை உடைத்து வாயில் ஊற்றியிருக்கிறார்கள். இரண்டுமே தவறு. மயங்கியவரை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்திப் பிடித்தால், பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடுவார். தெளியவில்லை, மூச்சில் மாற்றம் தெரிகிறது என்றால் உடனே 108. முழு நினைவு வராமல் வாயில் ஊற்றும் எதுவும் மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம். நல்லவேளையாகப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த வருடம் அந்த ஊரில் முகாம் என்றதும் அம்மாக்கள் பலர் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபம் என் மேல் வந்திருக்க வேண்டியது. ரத்ததானத்தின் மேல் விழுந்தது.

நடந்தது இதுதான். ஒருவரிடம் 350 மில்லி எடுக்கிறோம். எடை 55 கிலோவைத் தாண்டினால் 450 வரை எடுக்கலாம். அதிலுள்ள நீர்ப்பகுதியை உடம்பு ஓரிரு நாளில் ஈடுகட்டிவிடும். சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வர நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். ஆபீஸ் போகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. சித்திரை வெயிலில் கண்மாய்க்குள் ஓடுகிறவனுக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்கும். ரத்தம் கொடுத்த 24 மணி நேரத்துக்குக் கடும் உடலுழைப்பு கூடாது என்பது எல்லோருக்கும் சொல்லும் விதி. முக்கியமான போட்டி இருப்பவர்களுக்கு நான் சொல்வது, போட்டிக்கு முந்தைய ஒரு மாதம் முகாம் பக்கமே வராதீர்கள் என்பதுதான்.

கண்மாய் என்றேன். எங்கள் பக்கத்துக் குழுக்கள் பலவற்றுக்கு அதுதான் மைதானம். தண்ணீர் வற்றினால் சீசன் ஆரம்பம், மழை பெய்தால் முடிவு. கோல் போஸ்டுக்குச் சவுக்குக் கம்பு. சீமைக்கருவேல முள் பந்தையும் விடாது, பாதத்தையும் விடாது. முள் குத்தி டி.டி. ஊசி போட்டவர்கள் 14 நாள் கழித்துத்தான் ரத்தம் கொடுக்கலாம் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு ஒரு போட்டி, பிறகு பரீட்சைக் காலத்தில் ஓய்வு, ஏப்ரல் மே வந்தால் ஊருக்கு ஊர் கோப்பை. நடுவில் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வரும் நாளில் மூன்றுமாவடிப் பக்கம் நீர்மோர்ப் பந்தல், ஜூனில் பள்ளி திறந்ததும் நோட்டுப் புத்தகம், வருடத்துக்கு ஒரு ரத்ததான முகாம். சொந்தமாக ஒரு நல்ல பந்து வாங்கவே வசூலுக்கு அலைகிறவர்கள் செய்கிற காரியம் இவ்வளவும்.

சிக்கல் தேதியில்தான். ஜூன் 14 உலக ரத்தக் கொடையாளர் தினம், ஆகஸ்ட் 15, தேசியத் தன்னார்வ ரத்ததான தினமான அக்டோபர் 1, அப்புறம் தலைவர்கள் பிறந்தநாள் என்று எல்லோரும் ஒரே நாளில் முகாம் கேட்கிறார்கள். சிவப்பணுக்கள் ஃப்ரிட்ஜில் 35 முதல் 42 நாள்தான் தாங்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஐந்தே நாள். ஒரே நாளில் குவிவது கெட்டுப்போகாமல் பார்ப்பதே பெரும்பாடு. மே மாதத்திலோ கல்லூரிகள் பூட்டிக் கிடக்கும், முகாம்களும் இருக்காது. பிரசவமும் விபத்தும் லீவு எடுப்பதில்லை. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். தென் மாவட்டங்களிலிருந்தெல்லாம் பெரியாஸ்பத்திரிக்கு ஆள் வரும் ஊர் மதுரை.

ஆக, எங்களுக்குத் தட்டுப்பாடு வரும் மாதத்தில்தான் அவர்களுக்குப் போட்டி. இதற்கு விடை கோட்டுக்கு வெளியே நிற்கிறது. ஆட்டம் பார்க்க வரும் அண்ணன்மார், முழங்கால் போய் ஆட்டத்தை விட்ட பழைய ஆட்டக்காரர்கள், லைன்ஸ்மேன், டீக்கடைக்காரர் எல்லோரும் மே மாதத்துக்கு. ஆடுகிறவர்கள் சீசன் முடிந்தபின். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்பதால், நாற்பது பேர் உள்ள குழு ஐந்தைந்து பேராகப் பிரிந்து வந்தால் வருடம் முழுக்கச் சங்கிலி அறாமல் ஓடும். ஃப்ளெக்ஸில் போடுவதற்குத்தான் ஐந்து பேர் படம் எடுப்பாக இருக்காது.

முகாமில் திருப்பி அனுப்ப வேண்டியவர்களும் உண்டு. வயது 18 ஆகவில்லை என்றால் கிடையாது. "அடுத்த மாசம் பதினெட்டு சார்" என்று மீசையைத் தடவிக் காட்டுவார்கள். ஆதாரைக் காட்டு தம்பி என்பேன். எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும். கையில் ஜெர்ஸி நம்பரைப் பச்சை குத்தி ஒரு வருடம் ஆகாதவர்கள் காத்திருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் வலி மாத்திரை போட்டிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் வகை என்றால் மூன்று நாளைக்குத் தட்டணு எடுக்கப் பயன்படாது.

பெண்கள் அணியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது வேண்டும். ஒருமுறை வரிசையில் நின்ற ஏழு பெண்களில் ஐந்து பேருக்கு அந்த அளவு இல்லை. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்த ஐவரில் சிலராவது அத்தனை நாளும் ரத்தசோகையோடுதான் ஓடியிருக்க வேண்டும். களைப்பைச் சோம்பேறித்தனம் என்று திட்டு வாங்கியிருப்பார்கள். அவர்களிடம் ரத்தம் எடுக்காவிட்டாலும் அன்றைய முகாமில் உருப்படியான வேலை அந்தப் பரிசோதனைதான்.

ரத்தம் கொடுத்தவருக்கு அதோடு சுமார் 175 மில்லிகிராம் இரும்புச்சத்து போகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம். கம்பு, முருங்கைக்கீரை, கறிக்கடையில் கிடைக்கும் சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல், கூடவே எலுமிச்சையோ நெல்லியோ சேருங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. ஒரு மணி நேரம் பொறுக்கலாம். முகாம் முடிந்ததும் நேராக ஜிகர்தண்டா கடைக்குப் போகிறவர்களை நான் தடுப்பதில்லை. முதலில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும்.

போன கோடையில் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு அதே செயலாளர் கூப்பிட்டார்.

"டாக்டர், முதல் ரவுண்டுலயே தோத்துட்டோம். இனி ஆட்டம் இல்ல. நாளைக்கு எத்தன பேர் வரலாம்?"

"ஆறு பேர் போதும். நல்லாத் தூங்கிச் சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க."

மறுநாள் பதினேழு பேர் வந்து நின்றார்கள். ஆறு பேரை உள்ளே அழைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு ஆளுக்கொரு தேதி எழுதிக் கொடுத்து அனுப்பினேன். விழுந்தானே, அந்த நடுக்கள ஆட்டக்காரன், அவனுக்கு ஜூலை முதல் ஞாயிறு.