நண்டுக் கோது நெகிழியல்ல

"பெரியப்பா, நண்டுக் கோதிலிருந்து பொலித்தீன் எடுக்கிறார்களா?" உயர்தரம் படிக்கும் என் பெறாமகள் நீட்டிய செய்தித் துண்டில் 'இயற்கை நெகிழியில் நாகப் பற்றரி' என்று தலைப்பு. நாகம் என்றது துத்தநாகத்தை; நெகிழி என்றது 'பொலிமர்' என்ற சொல்லுக்கு. இந்த 'இயற்கை நெகிழி' எத்தனையாவது தடவை கண்ணில் படுகிறது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

கிரேக்கத்தில் 'பொலி' பல, 'மெரொஸ்' பகுதி. சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த நெடுமூலக்கூறு பொலிமர். எங்கள் பாடநூல்கள் அதைப் பல்பகுதியம் என்கின்றன. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

நெகிழ் என்றால் இளகு, குழை. சூட்டில் குழைந்து அச்சுக்கு இணங்கும் பிளாஸ்ரிக்குக்கு 'நெகிழி' அருமையான பெயர். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அது குணத்தைச் சொல்கிறது, பல்பகுதியம் கட்டமைப்பைச் சொல்கிறது. பஞ்சும் பல்பகுதியம்தான், அதை உருக்கி வாளி வார்க்க முடியுமா? ஒடியல் மாவிலுள்ள மாப்பொருளும் அப்படியே. மாவைக் கரைத்து விட்டதும் கூழ் தடிப்பது அந்தச் சங்கிலிகள் நீரைப் பிடித்துக்கொள்வதால். அதற்காக யாராவது நெகிழிக் கூழ் குடித்தேன் என்பார்களா?

பற்றரிக்குள்ளும் ஏறத்தாழக் கூழின் கதைதான். மீள மீள மின்னேற்றும்போது நாகம் சமமாகப் படியாமல் ஊசி ஊசியாக வளர்ந்து மறுமுனையைத் தொட்டுவிடும், குறுஞ்சுற்று. கரைசலிலுள்ள நீரோ நாகத்தை அரித்து ஐதரசனைக் கிளப்பும். நண்டு, இறால் கோதுகளின் கைற்றினிலிருந்து பெறும் கைற்றோசன் என்ற பல்பகுதியம் அந்த நீரைக் களியாகக் கட்டுகிறது, நாக அயன்களைப் பற்றி ஒழுங்காகப் படியவைக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தார் 2022இல் காட்டிய பற்றரி 1000 மின்னேற்றச் சுற்றுக்குப் பின்னும் 99.7 சதவீத வினைத்திறனோடு இருந்தது. கைற்றோசன் ஐந்து மாதத்தில் மண்ணில் உக்கிவிடும், நாகம் மிஞ்சும். செய்தியின் உயிரே அந்த உக்கல்தான். உக்காத சாமானின் பெயரை அதற்குச் சூட்டியவரை என்னவென்பது? அகராதியைப் புரட்டச் சோம்பல், தனித்தமிழ் என்று காட்ட மட்டும் ஆசை. பேசாமல் 'பொலிமர்' என்றே விட்டிருக்கலாம். பிழையான தமிழைவிடச் சரியான இரவல் மேல்.

தமிழகத்தார் சொல்லும் பல்லுறுப்பியை ஏற்பேன். பொலிமருக்கு இன்னொரு பெயரான 'பலபடி'யைக் கண்டால் மாடிப்படியா, நெல்லளக்கும் படியா என்று மனம் தடுக்குகிறது.

பெறாமகள் நெகிழியை வெட்டிவிட்டு மேலே பல்பகுதியம் என்று எழுதினாள். "அப்படியென்றால் கூழிலும் பற்றரி செய்யலாமா?"

மாப்பொருட் களியிலும் முயல்கிறார்கள் என்றேன்.