துணையுரு: நிலக்காட்சிக்குள் நிற்கும் சின்ன மனிதர்கள்

பழைய நிலக்காட்சி ஒன்றைப் பார்த்துப் படியெடுத்து எண்ணெய் வண்ணம் பழகுகிறவர்கள் 'ஸ்டஃபாஷ்' என்ற சொல்லைச் சீக்கிரமே சந்திப்பார்கள். மரமும் ஆறும் வானமுமாக விரியும் படத்தில் சிறிதாக வரும் ஆட்களையும் ஆடுமாடுகளையும் அது குறிக்கும். மாடு ஓட்டிப் போகிறவன், படகுக்காரன், கரையில் உட்கார்ந்து பேசும் இருவர் என்று யாராகவும் இருக்கலாம். படம் அவர்களைப் பற்றியது இல்லை.

கேட்கப் பிரெஞ்சு போல ஒலித்தாலும் இது ஜெர்மன் சொல். 'ஷ்டஃபீரன்' என்ற வினைக்கு அணிசெய்தல், வேண்டியதை வைத்து நிறைத்தல் என்று பொருள். அதன் வேர் பழைய பிரெஞ்சு. ஆங்கிலத்தின் 'ஸ்டஃப்' பிறந்ததும் அங்கேதான். அந்த வினையோடு ஒரு பிரெஞ்சு விகுதியை ஒட்டி ஜெர்மன்காரர்கள் இந்தப் பெயர்ச்சொல்லை ஆக்கிக்கொண்டார்கள்.

நிறைத்தல் என்ற பொருள் ஓவியக்கூடத்து வேலைமுறைக்கும் பொருந்தியது. 17-ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் நிலத்தை ஒருவர் தீட்ட, ஆட்களை இன்னொருவர் போடுவது சகஜம். ரைஸ்டால், ஹொபெமா போன்ற நிலக்காட்சி ஓவியர்களின் சில படங்களில் உருவங்களைத் தீட்டியவர் அட்ரியான் வான் டெ வெல்டே.

தமிழில் 'அணியுரு' என்று சொல்லலாம். மூலச்சொல்லுக்கு அதுதான் நெருக்கம். ஆனால் வெறும் அலங்காரம் என்ற எண்ணத்தை அது தந்துவிடும். நிலத்தோடு சேர்ந்த உயிர்களைச் சொல்லும் 'கருப்பொருள்' அழகான சொல்தான், ஆனால் இன்றைக்கு அது மையக்கருத்து என்ற பொருளில் ஓடுகிறது. அதனால் 'துணையுரு' என்பதே என் தேர்வு. முதன்மை நிலத்துக்கு என்பதையும் சொல்கிறது, அந்த உருவம் படத்துக்கு ஒரு வேலை செய்கிறது என்பதையும் சொல்கிறது.

அந்த வேலை என்ன என்பது படியெடுக்கும்போதுதான் கைக்குப் புரியும். பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர் கிளாட் லொரேன் 1646-இல் தீட்டிய 'ஆகாரும் தேவதூதரும்' ஏறத்தாழ 52 செ.மீ. உயரமே உள்ள சிறிய படம். இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் இளம் வயதில் அதைப் படியெடுத்துப் பழகியவர். விவிலியக் கதை என்பதால் ஆகாரைக் கறாராகத் துணையுரு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அளவில் அந்த வேலையையே அவள் செய்கிறாள். அவளையும் தூதரையும் விரலால் மறைத்துப் பார்த்தால் மரம் எவ்வளவு உயரம், தூரத்து வெளி எவ்வளவு தூரம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. உருவம் கொஞ்சம் பெரிதாகிவிட்டாலும் மரம் செடியாகச் சுருங்கிவிடும்.

ஆகவே 'துணை' என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தீட்டுவது பின்னால்தான்: நிலம் காய்ந்த பிறகு மேலே போட்டால், பிசகினாலும் துணியால் துடைத்து மறுபடி போடலாம். ஆனால் உயரமும் இடமும் முதல் கோட்டிலேயே முடிவாகிவிட வேண்டும். அதற்கு அடிவானக் கோடு உதவும். சமதரையில், நிற்பவரின் கண்மட்டத்திலிருந்து பார்த்த காட்சி என்றால், அதே உயரமுள்ள ஆட்கள் பக்கத்தில் நின்றாலும் தொலைவில் நின்றாலும் அவர்கள் கண்கள் அந்தக் கோட்டின் மேலேயே வரும். இறங்குவதும் ஏறுவதும் பாதங்கள்தான். மேட்டிலிருந்து பார்த்த காட்சி என்றால் தலைகள் கோட்டுக்குக் கீழே போகும். அப்போதும் ஒரே தொலைவில் நிற்பவர்களுக்கு ஒரே அளவுதான்.

அப்புறம் நிறம். பச்சையும் பழுப்புமான பரப்பில் கண் போய் நிற்பதற்காகப் பலர் துணையுருவின் உடையில் ஒரு சிவப்பை வைப்பார்கள். பிரெஞ்சு ஓவியர் கொரோவின் படங்களில் இதை நிறையப் பார்க்கலாம். அந்தச் சிவப்பைக் குழைக்கும் முன், சுற்றியுள்ள பச்சையின் வெளிச்ச அளவை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பச்சை பிசகியிருந்தால் எந்தச் சிவப்பும் அங்கே சரியாக உட்காராது.