தோடு அடைவில், பணம் வைப்பில்: ஒரே மண்டபத்தில் நான் பார்க்கும் இடைவெளி

இலங்கையில், மட்டக்களப்புப் பக்கம் நான் வேலை செய்யும் வங்கிக் கிளையில் நகையை ஈடாக வாங்கிக் கடன் கொடுக்கும் அடைவுப் பிரிவும் நிலையான வைப்புப் பிரிவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும்தான். பதினேழு வருடமாக நான் அடைவுப் பக்கம்.

2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அந்த வருடம் முடிவதற்குள், அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தையும் தாண்டியது. கையில் பணம் இருந்தவர்கள் வைப்புப் பக்கம் வந்தார்கள். என் பக்கம் வரிசை வாசல்வரை போனது. செப்டெம்பரில் விலைவாசி முந்திய வருடத்தைவிடச் சுமார் 70 சதவீதம் ஏறியிருந்தது. அரிசிக்கும் பால்மாவுக்கும் நகை வந்தது. காதில் கிடந்த தோட்டை அங்கேயே நின்று கழற்றித் தந்தவர்கள் இருக்கிறார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் வரவாகப் போன அதே வட்டி, இந்தப் பக்கம் கட்ட வேண்டிய செலவாக வந்தது.

இதை எனக்குத் தெளிவாக விளங்க வைத்தது, வேறு நாட்டைப் பற்றிய ஒரு படம். மகள் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கிறாள். பாடத்துக்காக அவள் பார்த்துக்கொண்டிருந்த ஆவணப்படத்தை நானும் கூட இருந்து பார்த்தேன். ‘இனிக்குவாலிட்டி ஃபோர் ஓல்’, 2013-இல் வந்தது. கிளின்டன் ஆட்சியில் தொழில் அமைச்சராக இருந்த றொபேர்ட் ரைஷ், மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதுபோல அமெரிக்காவின் வருமான இடைவெளியை விளக்குகிறார். 1978-இல் சாதாரண ஆண் தொழிலாளி ஒருவரின் வருட வருமானம் சுமார் 48,000 டொலர். மேல்தட்டு 1 சதவீதத்தினருக்கு 3 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு மேல். விலைவாசி ஏற்றத்தையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 2010-இல் தொழிலாளியின் வருமானம் சுமார் 33,000-ஆக இறங்கிவிட்டது. மேலே இருப்பவர்களுடையது 11 இலட்சம். அந்த நாட்டின் முதல் 400 பணக்காரர்களின் சொத்து, கீழ்ப்பாதி 15 கோடிப் பேரின் சொத்தைவிட அதிகம் என்றும் படம் சொல்கிறது.

நிக் ஹனவர் என்ற பெரும் பணக்காரர் ஒருவரும் படத்தில் பேசுகிறார். அப்போது அவர் குடும்பம் தலையணை செய்து விற்றுவந்தது. எவ்வளவு சம்பாதித்தாலும் தான் தலைவைத்துப் படுப்பது ஒன்றிரண்டு தலையணையில்தானே என்கிறார். எனக்கு உடனே நம் சித்திரை வருடப்பிறப்பு நினைவுக்கு வந்தது. பெரும்போக அறுவடை நன்றாக இருந்தால் களுவாஞ்சிகுடிக் கடைகளில் துணி எடுக்க இடம் கிடைக்காது. 2021-இல் இரசாயன உரத்தைத் தடை செய்து, அதற்கடுத்த போகத்தில் விளைச்சல் படுத்தபோது அந்தக் கடைகளும் சேர்ந்து படுத்தன. பத்துப் பணக்காரர்கள் வந்து அந்த வியாபாரத்தை ஈடு செய்யவில்லை. செய்யவும் முடியாது.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் வேறு. வருமானம் தேங்கியபோது அமெரிக்கக் குடும்பங்கள் மூன்று வழியில் சமாளித்தன என்கிறார் ரைஷ். முதலில் பெண்களும் வேலைக்குப் போனார்கள். பிறகு எல்லோரும் கூடுதல் நேரம் உழைத்தார்கள். அதுவும் போதாதபோது வீட்டைக் காட்டிக் கடன் வாங்கினார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நான் பார்ப்பதும் இதே வரிசைதான். அம்மா மத்திய கிழக்குக்குப் போகிறாள். அப்பா வயல் வேலையோடு மேசன் வேலைக்கும் போகிறார். மூன்றாவது வழிதான் என் மேசைக்கு வருகிறது. அதனால் ஒரு குடும்பம் என்னிடம் வரும்போது, மற்ற இரண்டையும் ஏற்கெனவே செய்து களைத்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ‘சிக்கனம் தெரியாத சனம்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா வருவார். மண்முனைத் துறையில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகு ஓடிய காலத்திலிருந்தே பழக்கம். 2014-இல் பாலம் திறந்த பிறகு பயணம் லேசாகிவிட்டது, ஆனால் அடைவு குறையவில்லை. போன மாதமும் வந்தார். “புள்ள, இப்ப பவுண் விலை கூடிட்டாமே, அதே காப்புக்குக் கூடக் காசு வருமா?” என்று கேட்டார்.

வரும். 2025-இல் பவுண் 3 இலட்சத்தைத் தாண்டியது. அதே காப்புக்கு முன்பைவிட நிறையவே எடுக்கலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நகை பெருகவில்லை, கடன் மட்டும் பெருகுகிறது. வட்டியும் அந்தப் பெரிய தொகைக்குத்தான். பெட்டகத்தில் நகை வைத்திருப்பவருக்கு விலையேற்றம் சொத்து. அடைவில் வைத்திருப்பவருக்கு, கவனிக்காவிட்டால், அதுவே கூடுதல் கடன். “எதுக்கு பெரியம்மா காசு?” என்றேன். கிழமைக் கடன், அதாவது கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் நுண்கடன், கட்ட என்றார்.

நுண்கடன் பற்றி வருடக்கணக்காகப் பேசியாயிற்று. 2018-இல் ஐ.நா. நிபுணர் ஒருவர் இலங்கைக்கு வந்து, சில இடங்களில் வட்டி 220 சதவீதம்வரை போகிறது என்று சொன்னார். அதே வருடம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. ஆனால் கணக்கு இன்னும் பலருக்கு விளங்கவில்லை. 50,000 ரூபா வாங்கி, ‘வருடம் 24 சதவீதம்’ என்று சொன்னதை நம்பி, 62,000-ஐ 52 கிழமைக்குப் பிரித்துக் கட்டுகிறீர்கள் என்று வைப்போம். கிழமைக்குக் கிழமை கடன் மீதி குறைந்துகொண்டே போகிறது, வட்டியோ முழு 50,000-க்கும் போட்டாயிற்று. உண்மையில் நீங்கள் கட்டுவது 40 சதவீதத்துக்கு மேல். கடன் தருபவரிடம் “குறைந்துவரும் மீதிக்கா வட்டி, முழுத் தொகைக்கா?” என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெரியம்மாவுக்குக் கூடுதல் காசு கொடுக்கவில்லை. கிழமைக் கடனில் எவ்வளவு மிச்சம் என்று கொப்பியைக் கொண்டுவரச் சொன்னேன். நாலு தவணைதான் பாக்கி. மகளும் மருமகனும் சேர்ந்து அதைப் பார்த்துக்கொண்டார்கள். காப்புக்கு வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்தோம்.

சரி, அடைவு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில விசயம். முழுக்கத் திருப்ப முடியாவிட்டாலும் தவணைக்கு முன் வட்டியையாவது கட்டுங்கள். கையில் ஐயாயிரம் இருந்தால் அதை அசல் கடன் தொகையில் கழிக்கலாமா என்று கேளுங்கள். சீட்டில் இருக்கும் விலாசம் மாறியிருந்தால் வந்து திருத்துங்கள், ஏல அறிவித்தல் அந்த விலாசத்துக்குத்தான் வரும். நகை ஏலத்தில் போனாலும் கடன், வட்டி, செலவு போக மிச்சம் வந்தால் அது உங்கள் காசு. வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி ஒருவரின் மிச்சக் காசு மாதக்கணக்காகக் கிடந்தது. கடிதம் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. கடைசியில் அவருடைய ஊர்க்காரர் ஒருவர் வட்டி கட்ட வந்தபோது சொல்லிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமையே, வயல் சேறு காயாத சாரத்தோடு, வந்து கையெழுத்து வைத்து வாங்கிப்போனார்.