பன்றி விலாவை நிறம் பார்த்து இறக்காதீர்கள்

பக்குவமாகப் புகை போட்டு, மூடி வேகவைத்த கன்ட்ரி ஸ்டைல் ரிப்ஸ் என்ற பன்றி இறைச்சித் துண்டுகள். முள்கரண்டி வைத்தாலே பிரிந்து வருகிறது. ஆனால் வெட்டிய இடத்தில், ஓரமாக இளஞ்சிவப்பில் ஒரு வளையம். "ஐயோ, வேகவே இல்லை" என்று மொத்தத்தையும் குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். இன்னொரு வீட்டில் இதற்கு நேர்மாறு. மேலே கருகருவென்று இருக்கிறதே என்று நம்பிப் பரிமாறுகிறார்கள், எலும்பை ஒட்டிய சதையோ இன்னும் பச்சை. ஒவ்வொரு கோடையிலும் இந்த இரண்டும் நடக்கின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: வெந்ததா என்று கண்ணை வைத்து முடிவு செய்வது.

நிறத்தை நம்பாதீர்கள். புகைந்த இறைச்சியின் ஓரத்தில் வரும் இளஞ்சிவப்பு ரத்தம் அல்ல. மரமும் கரியும் எரியும்போது நைட்ரிக் ஆக்சைடு போன்ற வாயுக்கள் வருகின்றன. அவை இறைச்சியின் நிறமியான மையோகுளோபினோடு சேர்ந்து அந்த நிறத்தை நிலைக்க வைத்துவிடுகின்றன. அதன்பின் எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் அது பழுப்பாகாது. புகையே போடாத இறைச்சியிலும் எலும்போரம் சிவந்திருக்கலாம், அது மஜ்ஜையிலிருந்து கசிந்த நிறம். "சாறு தெளிவாக ஓடினால் வெந்துவிட்டது" என்பதும் இதே வகை நம்பிக்கைதான். சாறு தெளிந்தாலும் உள்ளே சூடு ஏறாமல் இருக்கலாம். வேக்காட்டைச் சொல்லும் கருவி ஒன்றே ஒன்று: தெர்மாமீட்டர்.

அமெரிக்க வேளாண் துறை 2011-இல் முழுத் துண்டுப் பன்றி இறைச்சிக்கான பாதுகாப்பு வெப்பநிலையை 63 டிகிரி செல்சியஸ் (145 ஃபாரன்ஹீட்) என்று குறைத்தது. இறக்கியபின் 3 நிமிடம் ஆறவிட வேண்டும். அதற்கு முன் 71 டிகிரி கேட்டார்கள். தெர்மாமீட்டர் கம்பியைத் தடித்த இடத்தின் நடுவில் குத்துங்கள், எலும்பில் படக்கூடாது. கருவி சரியாக இருக்கிறதா என்று சந்தேகமா? ஐஸ் நிறைந்த தண்ணீரில் வையுங்கள், 0 காட்ட வேண்டும்.

பாதுகாப்பு வேறு, பதம் வேறு. இங்கேதான் பெயர் ஏமாற்றுகிறது. ரிப்ஸ் என்றால் விலா, ஆனாலும் அமெரிக்கக் கடைகளில் கன்ட்ரி ஸ்டைல் ரிப்ஸ் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் தோள்பட்டைச் சதை, அல்லது முதுகுச் சதையில் தோளை ஒட்டிய முனை. துண்டைத் திருப்பி வெட்டுமுகத்தைப் பாருங்கள். அடர்சிவப்பாக, இரண்டு மூன்று தசைகள் சேர்ந்து, நடுவே வெள்ளைக் கொழுப்பு வரிவரியாக ஓடினால் அது தோள்பட்டை. வெளுத்து, ஒரே வழவழப்பான தசையாக இருந்தால் முதுகுச் சதை. முதுகுச் சதையை 63-இல் எடுத்துவிடுங்கள், மணிக்கணக்கில் வேகவைத்தால் பஞ்சாகிவிடும். தோள்பட்டையை 63-இல் எடுத்தால் பாதுகாப்பாகத்தான் இருக்கும், ஆனால் ரப்பர் மாதிரி இழுக்கும். அதிலுள்ள கொலாஜன் என்ற கடினமான இணைப்புப் புரதம் கரைந்து ஜெலட்டின் ஆக 90 முதல் 95 டிகிரி வரை பொறுமையாகக் கொண்டுபோக வேண்டும். புகையும் மூடி வேகவைப்பதும் சேர்ந்த இந்த முறை தோள்பட்டைக்குத்தான்.

ஒன்றரைக் கிலோவுக்கு 18 கிராம் உப்பு, மிளகு, புகையூட்டிய மிளகாய்த்தூளான பாப்ரிகா, கொஞ்சம் பழுப்புச் சர்க்கரை. தடவி முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஸ்மோக்கர், அதாவது புகையில் வேகவைக்கும் அடுப்பு, 110 முதல் 120 டிகிரியில் நிலைத்த பிறகே இறைச்சி உள்ளே போகட்டும். ஹிக்கரி அல்லது ஆப்பிள் மரம், இரண்டு மூன்று கட்டை போதும். மரத்தை ஊறவைக்காதீர்கள், முதலில் வருவது நீராவிதான். புகை அடர்வெள்ளையாகக் குமுறினால் இறைச்சி கசக்கும், காற்றுத் துவாரத்தைத் திறந்துவிட்டு மெல்லிய நீலப் புகை வரும்வரை காத்திருங்கள். பெயின்ட் அடித்த கட்டை, பிளைவுட், பைன் இவை எதுவும் வேண்டவே வேண்டாம்.

சுமார் இரண்டு மணி நேரத்தில் மேற்புறம் செம்பழுப்பாகி, உள்ளே 70 டிகிரியை ஒட்டி வரும். அப்போது ஆழமான தட்டில் அடுக்கி, நறுக்கிய வெங்காயம் ஒன்று, ஒரு கப் ஆப்பிள் சாறு, கால் கப் ஆப்பிள் வினிகர் சேருங்கள். நீர் இறைச்சியின் பாதி உயரத்தைத் தாண்டக்கூடாது. மூழ்கினால் இரண்டு மணி நேரம் ஏற்றிய புகைமணம் கரைந்து போய்விடும். ஃபாயிலால் இறுக்கி மூடி, 150 டிகிரி ஓவனில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். சர்க்கரை போட்ட சாஸ் கடைசிப் பத்து நிமிடத்தில்தான், முன்னால் தடவினால் கருகும்.

தயவுசெய்து ஒன்றைக் கேளுங்கள். "இன்று அரை மணி நேரம் புகை போட்டு எடுத்து வைக்கிறேன், நாளை வேகவைத்துக்கொள்கிறேன்" என்று செய்யாதீர்கள். அரைவேக்காட்டு இறைச்சி வெதுவெதுப்பாகவே கிடக்க, 5 முதல் 60 டிகிரிக்குள் கிருமிகள் வேகமாகப் பெருகும். சிலவகைக் கிருமிகள் விடும் நச்சு மறுநாள் கொதிக்கவைத்தாலும் அழியாது. புகையிலிருந்து நேராக ஓவனுக்குப் போகட்டும். உறைந்த துண்டை அப்படியே ஸ்மோக்கரில் வைப்பதும் இதே ஆபத்துதான், முழுதாக உருகிய பிறகு வையுங்கள். பச்சை இறைச்சி இருந்த தட்டில் வெந்ததை வைக்காதீர்கள். குழாயடியில் இறைச்சியைக் கழுவவும் வேண்டாம், தெறிக்கும் நீர் கிருமியைச் சமையல் மேடை முழுக்கப் பரப்பும்.

மழை தூறினால் கரி ஸ்மோக்கரைக் காரேஜுக்குள் இழுக்கிறார்கள். கதவு திறந்திருந்தாலும் கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கி ஆளையே சாய்த்துவிடும். தழல் அணைந்ததுபோல் தெரிந்தாலும் சாம்பலுக்குள் கரி கனன்றுகொண்டேதான் இருக்கும். வெளியிலேயே முழுதாக ஆறவிட்டு, மூடி போட்ட உலோக வாளியில் கொட்டுங்கள். மழை வந்தால் இறைச்சியை உடனே ஃபாயில் மூடிய தட்டுக்கு மாற்றி ஓவனுக்குக் கொண்டுபோங்கள். புகை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள், வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயிலடித்தால் ஒரு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். நான்கு நாளுக்குள் சாப்பிட்டு முடியுங்கள். சூடாக்கும்போது 74 டிகிரி, அதுவும் அது வெந்த சாற்றோடு.