செல்லாக்காசு எப்படிப் பிறக்கிறது?

சென்னையில் மீதிச் சில்லறையாக வாங்கிய இரண்டு பத்து ரூபாய் நாணயங்கள், இரண்டு மணி நேர ரயில் பயணத்துக்குப் பிறகு காட்பாடியில் செல்லாமல் போய்விட்டன. ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் நீட்டினேன். கடைக்காரர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இது செல்லும் அண்ணா, கவர்ன்மென்ட் காசு" என்றேன். "செல்லும்னு எனக்கும் தெரியும் சார். நான் வாங்கி யார் தலைல கட்டுறது?" என்றார்.

பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்பது பல வருஷமாகச் சுற்றும் வதந்தி. வதந்தியைப் பற்றி நான் படித்ததில் பாதியை அவர் அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

முதலில் காசைப் பார்த்துவிடுவோம். 27 மில்லிமீட்டர் விட்டம், 7.71 கிராம் எடை. 2011-க்கு முன் வந்ததில் ரூபாய்க் குறியீடு இருக்காது, பின்னால் வந்ததில் இருக்கும். பழையதில் கதிர் மாதிரி 15 கீற்றுகள், புதியதில் 10. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து "ஒன்று அசல், ஒன்று போலி" என்று யாரோ எழுதிவிட்டார்கள். படத்தில் பொய்யே இல்லை, இரண்டுமே அரசு அச்சடித்த காசுகள். பொய் கீழே எழுதிய வரியில் இருந்தது. வாட்ஸ்அப்பில் வரும் புரளிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான் என்பது என் அனுபவம். கிராபிக்ஸ் எல்லாம் வேண்டாம், நிஜப் படத்துக்கு வேறு ஊரும் வேறு தேதியும் கொடுத்தால் போதும்.

ரிசர்வ் வங்கி 2016 நவம்பரிலும், மறுபடி 2018 ஜனவரியிலும் விளக்கம் கொடுத்தது. பத்து ரூபாய் நாணயம் அதுவரை 14 வடிவங்களில் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று இரண்டாவது விளக்கத்தில் சொன்னது. அப்படியும் பேச்சு அடங்கவில்லை. முதல் விளக்கம் வந்த நேரத்தைக் கவனியுங்கள். 500, 1000 ரூபாய்த் தாள்கள் ஒரே ராத்திரியில் செல்லாமல் போன அதே மாதம். தாளுக்கு நேர்ந்தது காசுக்கும் நேரலாம் என்று ஒரு காய்கறிக்காரம்மா பயந்தால் அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலையில் சிப்பாய்கள் கிளர்ந்ததும் இப்படித்தான். தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை, தாடிக்கும் நெற்றிக்குறிக்கும் தடை என்ற ஆங்கிலேயர் உத்தரவுகள் நிஜம். எல்லோரையும் மதம் மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு அந்த நிஜத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சரி, மண்டைக்குள் என்ன நடக்கிறது? 1977-ல் அமெரிக்காவில் லின் ஹாஷர் என்ற உளவியலாளரும் அவருடைய இரண்டு சகாக்களும் கல்லூரி மாணவர்களுக்குச் சில வாக்கியங்களைக் கொடுத்து, எவ்வளவு உண்மை என்று மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் திரும்ப வந்த வாக்கியங்களுக்கு மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது, பொய்யான வாக்கியங்களுக்கும்தான். ஒரு தடவை கேட்டதை மூளை அடுத்த தடவை சுலபமாக வாங்கிக்கொள்கிறது. அந்தச் சுலபத்தையே உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. ஐந்து குரூப்பில் ஒரே செய்தி வந்தால் ஐந்து பேர் சொல்கிறார்கள் என்று தோன்றும். எல்லாம் ஒரே ஊற்றிலிருந்து வந்த தண்ணீராக இருக்கும்.

வேகம் இன்னொரு சங்கதி. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி 2018-ல் வெளியிட்டார்கள். 1,500 பேரைச் சென்றடைய, பொய்க்கு ஆனதைப் போல ஆறு மடங்கு நேரம் உண்மைக்கு ஆனது. ஆள் இல்லாமல் தானாகவே பதிவு போடும் ட்விட்டர் கணக்குகளைக் கழித்துப் பார்த்தும் முடிவு மாறவில்லை. பரப்பியது மனிதர்கள்தான். பொய் புதுசாக இருக்கிறது, புதுசைச் சொல்பவருக்குக் கொஞ்சம் மவுசும் கிடைக்கிறது.

ஆனால் டீக்கடைக்காரர் இந்த இரண்டிலும் அடங்கமாட்டார். அவர் வதந்தியை நம்பவே இல்லை. மற்றவர்கள் நம்புகிறார்கள் என்று நம்புகிறார். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-ல் இதற்கு ஒரு வங்கியை உதாரணம் காட்டினார். நன்றாக நடக்கும் வங்கி திவால் என்று பேச்சு கிளம்புகிறது, எல்லோரும் பணத்தை எடுக்க ஓடுகிறார்கள், வங்கி நிஜமாகவே திவாலாகிறது. யாரும் வாங்காததால் காசு செல்லவில்லை, செல்லாததால் யாரும் வாங்கவில்லை. இந்த இடத்தில் ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாக உண்மையை ஓதினால் பலன் கம்மி. "அவருக்கும் தெரியும்" என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

பத்து ரூபாயோடு போனால் பரவாயில்லை. 2018-ல் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் செய்தி சுற்றியது. அந்த மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்து, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த வயதான அம்மாவை ஊரே சேர்ந்து அடித்ததில் அவர் இறந்துபோனார்.

அந்த ஆண்டு இந்தியாவில் சுற்றிய வீடியோக்களில் ஒன்றில், பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திரும்ப விட்டுவிட்டு, "கவனமாக இருங்கள்" என்கிற அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிச் சில நொடிகளை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள்.

இப்படி ஒன்று வந்தால் வீடியோவை நடுவில் நிறுத்தி, எழுத்து மேலே ஒட்டாத ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போடுங்கள். லென்ஸ் படத்தை நம்மைப் போலப் பார்ப்பதில்லை. விளிம்பு, நிறம், வடிவம் எல்லாவற்றையும் நீண்ட எண்வரிசையாக மாற்றி, தன்னிடம் உள்ள எண்வரிசைகளில் எது நெருங்கி வருகிறது என்று தேடுகிறது. இடவலமாகத் திருப்பிய படத்தில் ஏமாறவும் செய்யும், அதனால் நாலைந்து காட்சிகளைப் போட்டுப் பாருங்கள். கடைப் பலகையில் என்ன எழுத்து, வண்டி நம்பர் பிளேட் எந்த நாட்டுச் சாயல் என்று கண்ணாலும் துழாவலாம். செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

அனுப்பியவர் சித்தப்பாவாக இருந்தால் குரூப்பில் வைத்து மடக்காதீர்கள். நான் ஒருமுறை மடக்கினேன், பொங்கல் வரை பேசவில்லை. தனியாக போன் போட்டு, "சித்தப்பா, இது கராச்சியில எடுத்ததாம், முழுசும் பாருங்க" என்று உண்மையிலிருந்து ஆரம்பித்தால் அவரே குரூப்பில் மறுப்பு போட வாய்ப்பு உண்டு. அது என் மறுப்பைவிட நூறு மடங்கு எடுபடும்.

காசுக்கு வருகிறேன். எங்கள் தெரு மளிகைக்கடை அக்கா போன வருஷம் ஒரு அட்டையில் "பத்து ரூபாய் காயின் வாங்கிக்கொள்ளப்படும், கொடுக்கப்படும்" என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதித் தராசுக்கு மேலே தொங்கவிட்டார். முதல் வாரம் காசைக் கொண்டுவந்து கொட்டினார்கள், அவருக்குத் திட்டு வேறு வீட்டில். அப்புறம் மீதியாகக் கொடுத்தபோது ஓரிருவர் அட்டையை நிமிர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் அட்டையைக்கூடப் பார்க்கவில்லை, முன்னால் நின்றவரின் கையைப் பார்த்தார்கள். இப்போது பக்கத்துப் பால் பூத்திலும் வாங்குகிறார்கள். பஸ்ஸில் இன்னும் இல்லை.