அடுத்த கிராபிக்ஸ் கார்டு வரும்வரை காத்திருக்கலாமா?

கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "கொஞ்சம் பொறு, அடுத்த சீரிஸ் வரப்போகுது" என்பதுதான். எந்த மாதத்தில் கேட்டாலும் இந்தப் பதில் பொருந்தும், ஏதாவது ஒன்று எப்போதுமே வரப்போகிறது. அப்படிப் பொறுத்தவர்களில் சிலருக்கு அதே காசுக்கு வெகு வேகமான கார்டு கிடைத்திருக்கிறது. சிலரோ ஒன்றரை வருஷம் பொறுத்துவிட்டு, முன்பே கடையில் இருந்த வேகத்தையே முன்பிருந்த விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரும்பகுதி, உள்ளே இருக்கும் சிப் எந்தத் தயாரிப்பு முறையில் உருவாகிறது என்பதைப் பொறுத்தது. அது வெளியீட்டுத் தேதிக்கு முன்பே பெரும்பாலும் தெரிந்துவிடுகிற விஷயம், நாம்தான் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் தேதியையே எடுத்துக்கொள்வோம், அதில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. கிராபிக்ஸ் சிப்புகளை வடிவமைக்கும் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 கார்டு வந்தது 2016 மே மாதம். ஆர்டிஎக்ஸ் 2080 2018 செப்டம்பரில், 3080 2020 செப்டம்பரில், 4090 2022 அக்டோபரில், 5090 2025 ஜனவரியில். இடைவெளிகளைக் கணக்குப் போட்டால் 24 முதல் 28 மாதங்களுக்குள் அடங்கிவிடும். ஒரு தலைமுறையை வடிவமைக்கவே சில வருஷங்கள் ஆகின்றன, வடிவமைப்பை ஆலைக்குக் கொடுத்த பிறகு சிப்புகளை உருவாக்கும் சிலிக்கான் தகடு, அதாவது வேஃபர், நூற்றுக்கணக்கான படிகளைத் தாண்டி வெளியே வர மாதங்கள் ஆகின்றன, அப்புறம் சோதனை, பிழை இருந்தால் திருத்தி மறுபடியும் ஒரு சுற்று. அவசரப்படுத்தினாலும் பெரிதாகக் குறையாத கால அளவு இது.

சரி, வரும் கார்டு எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதை எப்படி ஊகிப்பது? ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை டிரான்சிஸ்டர் (சிப்பின் நுண் சுவிட்ச்) என்ற ஒரே ஒரு எண்ணைப் பார்த்தாலே பாதிக் கதை புரிந்துவிடும். 1080 வந்த பாஸ்கல் தலைமுறையின் பெரிய சிப்பில் 471 சதுர மில்லிமீட்டர் பரப்பில் சுமார் 1,180 கோடி டிரான்சிஸ்டர்கள், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு இரண்டரைக் கோடி. அடுத்து வந்த டூரிங்கின் (2080 தலைமுறை) பெரிய சிப்பில் 1,860 கோடி, ஆனால் அதன் பரப்பே 754 சதுர மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் அதே இரண்டரைக் கோடிதான். தயாரிப்பு முறை 16 நானோமீட்டர் என்பதிலிருந்து 12 என்று பெயர் மாறியதே தவிர அடர்த்தி நகரவே இல்லை. மனையை அகலப்படுத்தி அறைகளைக் கூட்டினார்கள், அவ்வளவுதான், மனைக்கான விலையை வாங்குபவர் கொடுத்தார். அதன்பின் ஆம்பியர் (3080 தலைமுறை) சாம்சங்கின் 8 நானோமீட்டருக்குப் போனதும் அடர்த்தி நாலரைக் கோடியானது. அதற்கடுத்த ஏடா (4090 தலைமுறை), தைவானின் டிஎஸ்எம்சி ஆலையின் 4என் முறைக்குத் தாவியபோது பன்னிரண்டரைக் கோடி. கிட்டத்தட்ட மூன்று மடங்கு! பிறகு 2025இல் வந்த பிளாக்வெல் (5090 தலைமுறை)? மறுபடி அதே 4என் குடும்பம், 750 சதுர மில்லிமீட்டரில் 9,220 கோடி, அடர்த்தி பன்னிரண்டு கோடி சொச்சம்.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பழைய கதையைப் படித்தால் எல்லாம் பொருந்தி வரும். 2017 மார்ச்சில் 699 டாலருக்கு ஜிடிஎக்ஸ் 1080 டிஐ வந்தது. அதை வாங்காமல் அடுத்த தலைமுறைக்காகப் பொறுத்தவர்களுக்கு 2018 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 2080 கிடைத்தது, அதே 699 டாலருக்கு, அன்றைய விளையாட்டுகளில் ஏறக்குறைய அதே வேகத்துடன். ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது), டிஎல்எஸ்எஸ் (சிறிதாக வரைந்த படத்தை ஏஐ மூலம் பெரிதாக்குவது) இரண்டும் கூட வந்தன என்பது உண்மை, ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் விளையாட்டுகள் வெளியீட்டு நாளில் கிட்டத்தட்ட இல்லை. இரண்டு வருஷம் கழித்து அடர்த்தி ஏறியதும் 3080 அதே 699 டாலருக்கு 2080ஐ விட 4கே திரையில் 60 சதவீதத்துக்கும் மேல் வேகமாக ஓடியது. 5080ஐப் பாருங்கள், 4080 சூப்பரை விட 10 முதல் 15 சதவீதம்தான் முன்னேற்றம். அடர்த்தி மாறாதபோது வேகத்தைக் கூட்ட இருக்கும் முக்கிய வழிகள் மூன்று: சிப்பைப் பெரிதாக்குவது, மின்சாரத்தைக் கூட்டுவது, மெமரியை வேகமாக்குவது. 5090 மூன்றையும் செய்தது, அதனால்தான் அது 450 வாட்டிலிருந்து 575 வாட்டுக்கும் 1,599 டாலரிலிருந்து 1,999 டாலருக்கும் போய் நின்றது. சிப்பைப் பெரிதாக்குவதற்கும் எல்லை இருக்கிறது. அச்சிடும் இயந்திரம் ஒரே தடவையில் பதிக்கக்கூடிய பரப்பு 858 சதுர மில்லிமீட்டர்தான்.

ஆனால் தயாரிப்பு முறை மாறினால் போதும், நமக்கு லாபம் என்று நம்பிவிட வேண்டாம். மூன்று மடங்கு அடர்த்தி கிடைத்த அதே ஏடா தலைமுறையில்தான் 4060 டிஐ வந்தது. 2020 டிசம்பரில் 399 டாலருக்கு வந்த 3060 டிஐக்குள் இருந்தது 392 சதுர மில்லிமீட்டர் சிப், 256 பிட் மெமரி பாதை (சிப்புக்கும் மெமரிக்கும் இடையே தரவு போகும் வழியின் அகலம்). 2023 மே மாதம் அதே 399 டாலருக்கு வந்த 4060 டிஐக்குள் 188 சதுர மில்லிமீட்டர், 128 பிட். வேகத்தில் சுமார் 10 சதவீதம்தான் கூடுதல், இரண்டரை வருஷம் கழித்து! புதிய முறையில் வேஃபர் ஒன்றின் விலை மிகவும் ஏறிவிட்டது, அதனால் அடர்த்தியால் கிடைத்த லாபத்தைச் சிறிய சிப்பாகச் சுருக்கி ஆலைக்கும் கம்பெனிக்கும் பங்கு போட்டுக்கொண்டார்கள், மிச்சம் நமக்கு வந்தது. மின்சாரச் செலவு மட்டும் நன்றாகக் குறைந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆக, புதிய முறை என்று கேள்விப்பட்டால் மகிழுங்கள், கூடவே உங்கள் விலைப்படியில் வரும் சிப்பின் பரப்பையும் மெமரிப் பாதையையும் பாருங்கள். மாடல் எண்ணை நம்பவே வேண்டாம், அது விளம்பரத் துறையின் முடிவு.

விளம்பரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2025 ஜனவரி அறிமுக மேடையில், 549 டாலர் 5070 கார்டு 4090க்கு இணையான செயல்திறன் தரும் என்றார்கள். அதற்குப் பின்னால் இருந்தது ஃபிரேம் ஜெனரேஷன். கார்டு உண்மையாக வரைந்த ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு படத்துக்கு, மூன்று ஃபிரேம்களை ஊகித்து இடையில் செருகும் வேலை. திரையில் அசைவு மென்மையாகத் தெரியும், எண்ணிக்கையும் ஏறும், ஆனால் மவுஸை நகர்த்தியதற்கும் திரை பதில் சொல்வதற்கும் உள்ள தாமதம் அந்த எண்ணிக்கைக்கு ஏற்பக் குறையாது. செருகுவது எதுவும் இல்லாமல் அளந்த சோதனை முடிவுகள் வரும்வரை, மேடையில் காட்டும் பட்டை வரைபடத்தை வைத்து எதையும் தீர்மானிப்பது வீண்.

காத்திருப்பதற்கே ஒரு கணக்கு இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. 1999இல் அரிசோனா பல்கலைக்கழக வானியல் துறையைச் சேர்ந்த சிலர் பாதி விளையாட்டாக ஒரு கட்டுரை எழுதினார்கள். கணினி வேகம் 18 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்றால், இன்றைய கணினியில் 26 மாதங்களுக்கு மேல் ஓட வேண்டிய ஒரு கணக்கை இன்றே தொடங்குவதை விட, சும்மா இருந்துவிட்டு பிறகு புதுக் கணினி வாங்கித் தொடங்குவதே நல்லது, சீக்கிரம் முடியும் என்று நிறுவினார்கள். 60 மாத வேலையை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 22 மாதம் ஊர் சுற்றிவிட்டு வந்து தொடங்கினாலும் மொத்தம் 48 மாதத்துக்குள் முடிந்துவிடும். 26 என்ற எண் 18ஐ 2இன் இயல்மடக்கையால், அதாவது 0.693ஆல் வகுத்தால் வருவது. இப்போது அதே சூத்திரத்தில், ஒரே விலைக்குக் கிடைக்கும் கிராபிக்ஸ் வேகம் இரட்டிப்பாக நான்கு வருஷம் ஆகிறது என்று வைத்துப் பாருங்கள். எல்லை 69 மாதமாக நீண்டுவிடும். முன்பு சும்மா இருந்தே ஜெயித்த அந்த 60 மாத வேலைக்கும் இன்றே தொடங்குவதுதான் சரி என்று விடை மாறிவிடுகிறது. முன்னேற்றம் மெதுவாக மெதுவாகக் காத்திருப்பின் மதிப்பு குறைகிறது.

நான்கு வருஷத்தில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்குச் சுமார் 19 சதவீதம். ஆனால் இது சொட்டுச் சொட்டாக வருவதில்லை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக 40 சதவீதம் என்று படியாக வருகிறது. அதனால் ஒரு தலைமுறை வந்த எட்டாவது மாதத்தில் பொறுத்துக்கொண்டிருந்தால் எதுவும் கிடைக்காது, வெறும் எட்டு மாதப் பழைய கார்டுதான் கிடைக்கும். இருபதாவது மாதத்தைத் தாண்டிவிட்டால், அதுவும் தயாரிப்பு முறை மாறப்போகிறது என்று தெரிந்தால், பொறுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இதிலும் ஒரு சிக்கல். புதுத் தலைமுறை மேலிருந்து கீழாக இறங்கும். 4090 2022 அக்டோபரில் வந்தது, 4070 2023 ஏப்ரலில், 4060 ஜூன் கடைசியில். அடுத்த சீரிஸ் அக்டோபரில் வருகிறது என்று கேட்டு 300 டாலர் கார்டுக்காகப் பொறுத்தவர் இன்னும் எட்டு மாதம் பொறுக்க வேண்டியிருந்தது. 2025இல் இந்த இடைவெளி சுருங்கி 5060 மே மாதமே வந்துவிட்டது. அப்புறம் தலைமுறையின் நடுவில் வரும் சூப்பர் கார்டுகள். 2024 ஜனவரியில் 4080 சூப்பர் 999 டாலருக்கு வந்தது, 4080இன் தொடக்க விலை 1,199. 4070 டிஐ 12 ஜிபியோடு விற்ற அதே 799 டாலருக்கு 4070 டிஐ சூப்பர் 16 ஜிபியோடு வந்தது. என்னைக் கேட்டால் ஆர்டிஎக்ஸ் வரிசையில் வாங்க நிம்மதியான காலம் இந்த நடுக்கால மறுவெளியீடுகளுக்குப் பிந்தைய சில மாதங்கள்தான். டிரைவர் பிழைகள் தீர்ந்திருக்கும், சரக்கும் இருக்கும்.

சரக்கு இருக்கும் என்று சொல்லிவிட்டேன், அது இப்போது அவ்வளவு உறுதியில்லை. தயாரிப்பு முறையைப் படித்து எல்லாம் சரியாக ஊகித்தாலும் வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர்கள் யார் என்பது கணக்கைக் கவிழ்த்துவிடும். மேலே சொன்ன 3080, காகிதத்தில் அந்தப் பத்தாண்டின் நல்ல பேரங்களில் ஒன்று, வெளியான சில நிமிடங்களில் தீர்ந்துபோனது, 2021இல் அறிவித்த விலையைப் போல இரண்டு மடங்குக்கு விற்றது. எதீரியம் என்ற மெய்நிகர் நாணயத்தைக் கார்டுகளில் கணக்குப் போட்டுத் தோண்டியவர்கள் அவற்றை மொத்தமாக அள்ளினார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் அந்த முறையையே கைவிட்டது, தோண்டிய கார்டுகள் பழைய கார்டு சந்தையில் வந்து குவிந்தன. இப்போது முன்னால் நிற்பது ஏஐ. 40 சீரிஸ் தயாரான அதே 4என் முறையில்தான் பல ஆயிரம் டாலருக்கு விற்கும் ஏஐக்கான எச்100 சிப்பும் தயாரானது. ஒரே வேஃபரை எதற்கு ஒதுக்குவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மெமரியிலும் இதே கதை, சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று பேர்தான் கார்டுக்கான மெமரியும் ஏஐக்கான எச்பிஎம் மெமரியும் தயாரிக்கிறார்கள், 2025 கடைசியில் மெமரி விலை சரசரவென்று ஏறியது இந்த இழுபறியால்தான்.

புதுசு வந்தால் பழசு மலிவாகும் என்பதும் பல சமயம் நடப்பதில்லை. புதுத் தலைமுறைக்கு மாதங்கள் முன்பே பழையதின் தயாரிப்பைக் குறைத்துவிடுகிறார்கள், 5090 வரும் சமயத்தில் 4090 மலிவாகாமல் தட்டுப்பாட்டில் ஏறியது. 2020 செப்டம்பர் முதல் தேதி, 499 டாலர் 3070 வரப்போகிறது, 2080 டிஐக்கு இணையானது என்று அறிவித்ததும் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து 2080 டிஐ வாங்கியவர்கள் பதறிப்போய் பாதி விலைக்கும் கீழே விற்றார்கள். பிறகு 3070 கடைகளில் கிடைக்கவே இல்லை, பழைய 2080 டிஐயின் விலை மளமளவென்று மேலே போனது. கையில் புதுசு வராமல் பழசை விற்காதீர்கள்.

மெமரி அளவு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், காத்திருப்பதற்கு இன்று இருக்கும் நல்ல காரணம் அதுதான். ஒவ்வொரு மெமரி சிப்பும் 32 பிட் பாதையை எடுத்துக்கொள்ளும். 128 பிட் பாதையில் நான்கு சிப், ஒன்று 2 ஜிபி, ஆக 8 ஜிபி. 192 பிட்டில் 12, 256 பிட்டில் 16. பலகையின் இரு பக்கமும் ஒட்டினால் இரட்டிப்பாக்கலாம், 16 ஜிபி 4060 டிஐ அப்படி வந்ததுதான். ஜிடிடிஆர்7 என்ற புது வகை மெமரியில் 3 ஜிபி சிப்புகள் வந்துவிட்டதால் அதே பாதைகளில் 12, 18, 24 சாத்தியம். லேப்டாப்புக்கான 5090 ஏற்கெனவே 256 பிட் பாதையில் 24 ஜிபியோடு வருகிறது. ஏஐ மாடல்களை வீட்டில் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் வேகத்தை விடப் பெரிது, மாடல் மெமரிக்குள் அடங்கினால்தான் உருப்படியாக ஓடும். விளையாட மட்டும் வேண்டும், 1080பி திரைதான், இப்போதுள்ள கார்டு இழுக்கிறது என்றால் 12 அல்லது 16 ஜிபி உள்ள ஒன்றை அறிவித்த விலைக்குப் பக்கத்தில் பார்த்த அன்றே எடுத்துக்கொள்ளுங்கள்.